பெப்பு வெந்நீர் ஊற்று நகரில் எங்கே, என்ன சாப்பிடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் கியூஷூ தீவில், ஓய்தா மாகாணத்தின் கடற்கரையில் இருக்கிறது பெப்பு. 2,000-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் கொண்ட ஊர். எண்ணிக்கையில் ஜப்பானிலேயே முதலிடம். குளிப்பதற்கென்று அங்கே போகிறவர்கள் பலர் சாப்பாட்டைப் பற்றிக் கடைசி நேரத்தில்தான் யோசிக்கிறார்கள். விடுதியில் கொடுப்பதை மூன்று நாளும் சாப்பிட்டுவிட்டு, ஊரின் ருசி தெரியாமலே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது தாங்கமுடியாத வருத்தம். கிளம்புவதற்கு முன் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

விடுதியிலேயே சாப்பாடு எடுத்துக்கொள்ளலாமா, வெளியே சாப்பிடலாமா?

ஜப்பானிய மரபு விடுதிகளில் (ரியோகான்) பதிவு செய்யும்போதே இதை முடிவுசெய்ய வேண்டும். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்ந்தது ஒரு வகை, காலை மட்டும் உள்ளது இன்னொரு வகை, அறை மட்டும் தருவது மூன்றாவது வகை. மூன்றாவதற்கு 'சுதொமாரி' என்று பெயர்.

என் யோசனை இதுதான்: ஒரே ஓர் இரவு மட்டும் விடுதிச் சாப்பாடு எடுங்கள், மற்ற நாட்களுக்கு சுதொமாரி போதும். அந்த ஓர் இரவைத் தவறவிடாதீர்கள். சின்னச் சின்னக் கிண்ணங்களில் பச்சை மீன், சுட்டது, அவித்தது, மேசையிலேயே சிறு அடுப்பில் கொதிக்கும் ஒன்று என வரிசையாக வந்து, கடைசியில் சோறு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், ஊறுகாயோடு முடியும். சமைத்தவரின் கை நேர்த்தி ஒவ்வொரு கிண்ணத்திலும் தெரியும். ஆனால் அதையே இரண்டாவது இரவும் சாப்பிட்டால் வயிறும் பணமும் அலுத்துவிடும். ஊருக்குள் சாப்பிட அத்தனை இருக்கும்போது அது தேவையும் இல்லை.

ஒரு விஷயம் முக்கியம். இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரை, ஏழு என்று நேரம் குறித்துத்தான் தருவார்கள். உள்ளே நுழையும்போதே நேரத்தைக் கேட்பார்கள். அந்த நேரத்தை வைத்துத்தான் சமையலறையில் ஒவ்வொரு கிண்ணமும் தயாராகும். வண்டி தாமதமானால் கட்டாயம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

ஊரில் எந்தப் பகுதியில் சாப்பாட்டுக் கடைகள் அதிகம்?

பெப்பு ஒரே இடமாக இல்லை. எட்டு ஊற்றுப் பகுதிகள் சேர்ந்த ஊர். சாப்பாட்டுக்கு நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

ரயில் நிலையத்திலிருந்து கடல் வரை இறங்கும் பகுதியும், கடலோரக் கிதஹாமாவும்தான் இரவுச் சாப்பாட்டுக்கு நல்ல இடம். கூரை போட்ட கடைத்தெரு, குறுக்குச் சந்துகள், இசகயா எனப்படும் மதுவும் சிற்றுணவும் தரும் கடைகள் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மேலே மலைச்சரிவில் உள்ள கன்னவாவில் ஆவிச் சமையல். அதற்கும் மேலே மியோபனில் புட்டிங்கும் முட்டை சாண்ட்விச்சும். கங்கைஜி பக்கம் பெரிய ஹோட்டல்கள். அங்கே பஃபே உண்டு.

கன்னவாவில் தங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: இருட்டிய பிறகு அங்கே திறந்திருக்கும் கடைகள் மிகக் குறைவு. நிலையத்திலிருந்து பேருந்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான், ஆனால் கடைசிப் பேருந்து நம்மூர்க் கணக்கில் சீக்கிரமே போய்விடும். மதியம் கன்னவாவில், இரவு கீழே என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு வேளைதான் இருக்கிறது. எதைச் சாப்பிடலாம்?

ஜிகோகு முஷி. சந்தேகமே வேண்டாம்.

ஜிகோகு முஷி என்றால் என்ன? எப்படிச் சாப்பிடுவது?

பூமிக்குள்ளிருந்து வரும் ஏறக்குறைய நூறு டிகிரி ஆவியில் அவித்த சாப்பாடு. கொதித்துப் பொங்கும் ஊற்றுகளை இங்கே ஜிகோகு, அதாவது நரகம், என்கிறார்கள். அதன் ஆவியை அடுப்பாக்கிக்கொண்டார்கள். கன்னவாவில் நடந்தால் சாக்கடை மூடியிலிருந்து, வேலிக்குப் பின்னாலிருந்து, கூரைகளுக்கு நடுவிலிருந்து எங்கும் வெள்ளை ஆவி எழும்பிக்கொண்டே இருக்கும். இந்தக் காட்சியையே 2012-இல் ஜப்பான் அரசு முக்கியமான பண்பாட்டு நிலக்காட்சியாக அறிவித்திருக்கிறது.

இந்த முறையில் நீங்களே அவித்துச் சாப்பிட, கன்னவாவில் 'ஜிகோகு முஷி கோபோ' என்ற பொது இடம் இருக்கிறது. வாசலில் உள்ள இயந்திரத்தில் சீட்டு வாங்க வேண்டும். அவிக்கும் தொட்டிக்கு நேரக் கணக்கில் கட்டணம், காய்கறி, முட்டை, இறால், கோழி போன்ற பொருட்களுக்குத் தனிக் கட்டணம். கடையிலிருந்து நீங்களே பொருள் வாங்கிவந்தும் அவிக்கலாம். எனக்குப் பிடித்தது அதுதான். கீழே சூப்பர் மார்க்கெட்டில் ஒரு மக்காச்சோளம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பூசணித் துண்டு, முட்டைக்கோஸ், கொஞ்சம் காளான் வாங்கிக்கொண்டு போனால் போதும்.

தடித்த கையுறை தருவார்கள். கூடையைத் தொட்டிக்குள் இறக்குவதற்கு மூடியைத் தூக்கும்போது ஒரு நொடி எதுவுமே தெரியாது. ஆவி குப்பென்று முகத்துக்கு வரும், கண்ணாடி போட்டவர்களுக்கு உலகமே வெள்ளையாகிவிடும். ஓரமாக நின்று, குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். முட்டைக்குப் பத்து நிமிடம் போதும். காய்கறிக்குக் கால் மணி நேரம், கிழங்குக்கு அரை மணி வரை ஆகும். அங்கே வேலை செய்பவர்கள் எதற்கு எவ்வளவு நேரம் என்று சொல்லிக் கொடுப்பார்கள்.

இட்லிச் சட்டியோடு வளர்ந்த நமக்கு அவித்த சாப்பாடு புதிதில்லை. ஆனால் இந்த ருசி வேறு. ஊற்று நீரில் உப்பு இருப்பதால் ஆவியிலேயே மெல்லிய உப்பு சேர்ந்து வருகிறது. முட்டைக்கோஸ் இதழ் ஒன்றை உரித்து வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் லேசான உப்பு, கடைசியில் கந்தகத்தின் சாயலாக ஒரு வாசம். தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம் என்றே தோன்றும். தொட்டுக்கொள்ள வேண்டுமானால் 'யூசு கோஷோ' வாங்குங்கள். பச்சை மிளகாயையும் யூசு என்ற எலுமிச்சை வகையின் தோலையும் உப்போடு அரைத்த விழுது. காரம் தேடும் நம் நாக்குக்குக் கியூஷூ கொடுத்த வரம்.

வார இறுதியில் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கும். வார நாளில், திறந்த உடனே போங்கள். வேகும் வரை பக்கத்திலேயே இருக்கும் கால் குளியல் தொட்டியில் கட்டணமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம்.

தங்குமிடத்திலேயே இப்படிச் சமைத்துக்கொள்ள முடியுமா?

முடியும், கன்னவாவில். 'கஷிமா' என்ற பழைய வகை விடுதிகள் அங்கே இன்னும் இருக்கின்றன. உடம்பு தேற வாரக்கணக்கில் தங்கிக் குளிக்க வந்த விவசாயிகளும் மீனவர்களும் அரிசி, காய்கறியைத் தாங்களே கொண்டுவந்து சமைத்துக்கொண்ட இடங்கள் இவை. முற்றத்தில் ஆவித் தொட்டிகள் இருக்கும், அறையை வாடகைக்கு எடுத்தவர்கள் பயன்படுத்தலாம். ஆடம்பரம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு, மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு, முக்கியமாகச் சைவக் குடும்பங்களுக்கு, பெப்புவில் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

இருக்காது. ஆனால் கவனம் வேண்டும்.

ஜப்பானில் சைவர்களுக்குப் பிரச்சினை தட்டில் தெரியும் மீனோ இறைச்சியோ இல்லை. கண்ணுக்குத் தெரியாத 'தாஷி'தான். பொனிட்டோ என்ற சூரை இனத்து மீனை உலர்த்திச் சீவி, அல்லது நெத்திலி போன்ற சிறு மீன் கருவாட்டைக் கொதிக்க வைத்து எடுத்த சாறு அது. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, அவித்த காய்கறி, தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். 'இறைச்சி இல்லாமல்' என்று மட்டும் கேட்டால் மீன் சாறு ஊற்றித்தான் வரும். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் செய்வதில்லை, அவர்கள் கணக்கில் அது சைவத்தைக் கெடுக்கும் பொருளே இல்லை. ஆகவே இப்படிச் சொல்லுங்கள்: "நிகு மோ சகானா மோ தாபெமாசென். தாஷி மோ தமே தெஸ்." இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன், தாஷியும் ஆகாது என்று பொருள். முட்டையும் வேண்டாம் என்றால் 'தமாகோ' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் ஜப்பானிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

விடுதிச் சாப்பாடு சைவமாக வேண்டுமானால் பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். போய் இறங்கியபின் கேட்பதில் பயனில்லை. பொருள் வாங்கி வைத்திருப்பார்கள், சமையல்காரரையும் சங்கடப்படுத்துவோம். முடியாது என்று விடுதி பதில் எழுதினால் வருத்தப்படாமல் சுதொமாரி எடுத்துக்கொள்ளுங்கள்.

தைரியமாகச் சாப்பிடக்கூடியவை சில உண்டு. ஆவியில் அவித்த காய்கறியும் கிழங்கும் முதலில். (பொதுத் தொட்டியில் உங்களுக்கு முன் யாராவது நண்டு அவித்திருக்கலாம். அது மனதுக்கு ஒப்பாதவர்களுக்குக் கஷிமா விடுதியும் தீர்வாகாது, அங்கேயும் தொட்டி பொதுதான்.) அப்புறம் 'யசெஉமா': கையால் இழுத்த பட்டையான கோதுமை மாவை வேகவைத்து, வறுத்த சோயாப் பொடியும் சர்க்கரையும் தூவித் தரும் ஓய்தாவின் பழைய பலகாரம். அதே பட்டை மாவைக் காய்கறியோடு மிசோவில் போட்டுத் தருவது 'தங்கோஜிரு', அதில் தாஷி இருக்கும், பன்றி இறைச்சியும் சில இடங்களில் சேரும், கேட்காமல் வாங்காதீர்கள்.

மலை மேல் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ரித்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்தியா, இலங்கை உட்படப் பல நாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். அதனாலேயே இந்த அளவு ஊரில் வழக்கமாகக் கிடைக்காத தெற்காசியச் சாப்பாடு பெப்புவில் கிடைக்கிறது. மூன்றாம் நாள் ஒரு பருப்புக் குழம்பு தேடும் மனம் எல்லோருக்கும் வரும், அதில் தப்பே இல்லை.

ஹலால் உணவு கிடைக்குமா?

மாணவர்களால் இங்கே பள்ளிவாசலும் இருக்கிறது, ஹலால் பொருள் விற்கும் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. ஜப்பானிய உணவகங்களில் மிரின், சாகே போன்ற மது வகைகள் சமையலில் சேரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் எதைத் தேடிப் போக வேண்டும்?

முதலில் தொரிதென். எலும்பில்லாத கோழித் துண்டுகளைச் சோயா, இஞ்சி, பூண்டில் ஊறவைத்து, தெம்புரா மாவில் (ஜப்பானிய பஜ்ஜி மாவு) தோய்த்துப் பொரிப்பது. நம் சிக்கன் 65 போல மொறுமொறுவென்று இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். மேல்மாவு மெத்தென்று, உப்பிய மாதிரி இருக்கும். உள்ளே கோழி சாறு வற்றாமல் வெந்திருக்கும். கபோசு என்ற பச்சை எலுமிச்சை வகையைப் பிழிந்த புளிப்புச் சாற்றில் தொட்டு, நுனியில் கடுகு விழுது வைத்துச் சாப்பிட வேண்டும். ஜப்பானில் விளையும் கபோசுவில் பெரும்பங்கு இந்த மாகாணத்தில்தான். 1926-இல் தொடங்கிய தோயோகென் என்ற உணவகம் பெப்புவில் இன்றும் நடக்கிறது. தொரிதென் பிறந்த கடை என்று அதைச் சொல்கிறார்கள். மதியத்தில் வரிசை இருக்கும். சோறு, சூப்போடு ஒரு செட் ஏறத்தாழ 1,000 முதல் 1,500 யென்.

அடுத்தது பெப்பு ரெய்மென், குளிர்ந்த நூடுல்ஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பின், சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த கொரியச் சுவை, இந்த ஊர்ச் சாறோடு சேர்ந்து உருவானது. தனிக் கடைகளில் நூடுல்ஸ் தடிமனாக, பல்லுக்கு எதிர்த்து நிற்கும். இறைச்சி சுடும் கடைகளில் மெல்லிசாக வரும். மேலே முட்டைக்கோஸ் கிம்ச்சி (கொரியக் கார ஊறுகாய்), மாட்டிறைச்சித் துண்டு, பாதி முட்டை, எள். ஆகஸ்ட் வெயிலில் வெந்நீரில் குளித்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு அந்தக் குளிர்ந்த சாற்றின் முதல் வாய்தான் மருந்து. என் வோட்டு தடித்த நூடுல்ஸுக்கே.

மீன் பிரியர்கள் செகி அஜி, செகி சபா என்ற பெயர்களைப் பாருங்கள். ஓய்தாவுக்கும் ஷிகோகு தீவுக்கும் நடுவே நீரோட்டம் வேகமான ஜலசந்தியில், வலை போடாமல் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடித்து சகனோசெகி துறைமுகத்தில் இறக்கும் மீன்கள். அஜி பாரை இனத்து மீன், சபா நம் கானாங்கெளுத்தியின் உறவு. மற்ற ஊர்களில் சபாவைப் பெரும்பாலும் வினிகரில் ஊறவைத்தோ சமைத்தோதான் தருவார்கள். இங்கே பச்சையாகவே பரிமாறுகிறார்கள், சதை அவ்வளவு இறுக்கம். விலை அதிகம். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் 'ரியூக்யூ' கேளுங்கள்: பச்சை மீனைச் சோயா, எள், இஞ்சியில் ஊறவைத்து, சோற்றின் மேல் போட்டும் தருவது. கியூஷூவின் சோயா சாஸ் கொஞ்சம் இனிப்பாக இருக்கும். முதலில் விநோதமாகத் தோன்றினாலும் இந்த மீனுக்கு அதுதான் பொருந்துகிறது.

கடைத்தெருச் சந்து ஒன்றுக்குள் 1947 முதல் நடக்கும் கொகெத்சு என்ற சின்னக் கடையும் உண்டு. அங்கே கியோசாவும் (மெல்லிய மாவுத் தோலில் பூரணம் வைத்த கொழுக்கட்டை வகை) பீரும் தவிர வேறு எதுவும் கிடையாது. ஒரு வரிசை நாற்காலிதான். ஒரு பொருளையே ஆயுள் முழுக்கச் செய்கிறவர்களின் கைக்குள்ள நம்பிக்கையை அந்த மெல்லிய தோலில் பார்க்கலாம். பெரிய குழுவாகப் போகாதீர்கள்.

குழந்தைகளோடு போகிறோம். என்ன செய்யலாம்?

நீலக் குளமான உமி ஜிகோகு, கமாதோ ஜிகோகு போன்ற இடங்களில் ஊற்று வெப்பத்தில் வெந்த முட்டை விற்கிறார்கள். பார்க்கப் போன இடத்திலேயே பசி ஆறிவிடும். மியோபனில் ஒகமோதோயா கடையின் ஆவியில் வெந்த புட்டிங் கெட்டியாக, அடியில் கசப்பு ஏறிய கேரமலோடு இருக்கும், இனிப்பு திகட்டாது. முட்டையும் பாலும் சேர்ந்தது. சுற்றிலும் குளியல் உப்பு விளைவிக்கும் வைக்கோல் கூரைக் குடிசைகள், கந்தக வாசம். குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டே சாப்பிடுவார்கள்.

காலைக்கு ரொட்டி வேண்டுமென்றால் 1916 முதல் நடக்கும் தொமொனகா ரொட்டிக்கடை. பயற்றுப் பூரணம் வைத்த பன்னும் நாய் முகம் போட்ட ரொட்டியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஞாயிறு விடுமுறை.

எதையும் சாப்பிட மறுக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய ஹோட்டல்களின் பஃபேதான் நிம்மதி. அங்கே காலை உணவை மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைகள் எப்போது திறந்திருக்கும்?

மதியம் பதினொன்றரையிலிருந்து இரண்டு வரை, மாலை ஐந்தரைக்கு மேல் எட்டு அல்லது ஒன்பது வரை. நடுவில் மூடிவிடுவார்கள். மூன்று மணிக்குப் பசித்தால் முட்டை, புட்டிங், கன்வீனியன்ஸ் ஸ்டோர் சோற்று உருண்டை இவைதான் துணை. வார விடுமுறை கடைக்குக் கடை மாறும், புதனும் வியாழனும் அதிகம். ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம், ஆகஸ்ட் நடு, புத்தாண்டு இந்த நாட்களில் இரவுக்கு முன்பதிவு இல்லாமல் நம்பி இறங்காதீர்கள்.

பணம் ரொக்கமாகக் கொஞ்சம் வைத்திருங்கள். சின்னக் கடைகளில் அட்டை எடுப்பதில்லை. டிப்ஸ் வழக்கம் கிடையாது. இசகயாவில் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும், அதற்குச் சில நூறு யென் கணக்கில் சேரும். அது இருக்கைக்கான கட்டணம், திருப்பி அனுப்ப வேண்டாம்.

யுகாதாவிலேயே சாப்பிடப் போகலாமா?

விடுதி தரும் அந்தப் பருத்தி அங்கியோடு கன்னவாவிலும் விடுதியின் சாப்பாட்டு அறையிலும் தாராளமாகப் போகலாம். இடதுபக்கத் துணி மேலே வர வேண்டும். மாற்றிப் போடுவது இறந்தவர்களுக்குச் செய்யும் முறை. ரயில் நிலையப் பக்கத்து நல்ல உணவகத்துக்கு உங்கள் சொந்த உடையில் போங்கள்.

சாப்பிட்ட உடனே குளிக்கலாமா?

வேண்டாம். ஒரு மணி நேரமாவது விடுங்கள். குடித்துவிட்டு இறங்கவே கூடாது. ஓய்தாவின் வாற்கோதுமை ஷோச்சு (வடித்த மது) மிருதுவாக இறங்கும், அதனாலேயே அளவு தெரியாது. அதேபோல வெறும் வயிற்றோடும் வேண்டாம், தலை சுற்றும். விடுதி அறையில் தேநீரோடு ஓர் இனிப்புத் துண்டு வைத்திருப்பது குளிக்குமுன் சாப்பிடத்தான். வெளியே வந்ததும் தண்ணீர் குடியுங்கள்.

பக்கத்து ஊரான யூஃபுயின் போனால்?

பேருந்தில் ஒரு மணி நேரம். நிலையத்திலிருந்து கின்ரின் ஏரி வரை போகும் யுனோத்சுபோ தெருவில் கொறித்துக்கொண்டே நடக்கலாம். மாலை ஐந்து மணிக்கெல்லாம் கடைகள் மூட ஆரம்பிக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு, இரவுக்குப் பெப்பு திரும்பிவிடுங்கள்.

ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?

உலர்ந்த ஷீதாகே காளான். ஜப்பானிலேயே அதிகம் விளைவது ஓய்தாவில்தான். எடை இல்லை, கெடாது, குழம்பில் போட்டால் வீடே மணக்கும். அப்புறம் யூசு கோஷோ இரண்டு புட்டி. விழுது என்பதால் விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். தயிர்சாதத்துக்கு நன்றாகச் சேரும்.